தல்மூதும் தாலமியும் ஒரு பேனும்

ராத்திரியில் சூரியன் எங்கே போகிறது? பகலில் வானக் கூரைக்குக் கீழே ஓடி, இரவில் அதற்கு மேலே ஏறித் திரும்பிவிடுகிறது என்றார்கள் யூத ஞானிகள். இல்லை, இரவில் பூமிக்கு அடியில் போகிறது என்றார்கள் பிற இனத்து அறிஞர்கள். யூதர்களின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதின் பெசாகிம் பகுதியில் இந்த வாதம் இருக்கிறது. தீர்ப்புச் சொல்பவர் யூத மதகுருவான ரபி யூதா ஹநாசி. தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னாவைக் கி.பி. 200 வாக்கில் தொகுத்தவர், லேசுப்பட்ட ஆளில்லை. நம்முடையதைவிட அவர்கள் சொல்வதே சரியாகப் படுகிறது என்கிறார். பகலில் ஊற்றுநீர் குளிர்ந்திருக்கிறது, இரவில் ஆவி பறக்கிறது, அடியில் சூரியன் இருப்பதால்தானே!

இந்தக் காரணம் தப்பென்று இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. தங்கள் ஞானிகள் விட்டுக்கொடுத்த வாதத்தைத் தங்கள் புனித நூலிலேயே எழுதிவைத்து, தலைமுறை தலைமுறையாகப் பாடம் சொல்லிவந்திருக்கிறார்கள்.

அதனால்தான் இணையத்தில் சுற்றும் ஒரு பெருமைப் பேச்சு என்னை வருத்துகிறது. சந்திர மாதம் 29 நாள், 12 மணி, 44 நிமிடம், மூன்று விநாடிக்குச் சற்று மேல் என்ற கணக்கு தல்மூதில் ரப்பான் கமாலியேல் என்ற ஞானியின் பெயரில் வருகிறது. நாசா இப்போது சொல்வதை எங்கள் ஞானிகள் அன்றே சொன்னார்கள், ஆகவே அது தெய்வம் தந்த ரகசியம் என்கிறார்கள். அதே எண் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க வானியலாளர் தாலமி எழுதிய அல்மஜெஸ்ட் என்ற நூலிலும் இருக்கிறது. தாலமி தமக்கு முந்தைய கிரேக்க வானியலாளர் ஹிப்பார்கஸைக் காட்டுகிறார், ஹிப்பார்கஸுக்கும் மூலம் பாபிலோனிய வானியல். நிசான், தம்மூஸ் என்ற யூத மாதப் பெயர்களே பாபிலோனிலிருந்து வந்தவைதான். 19 ஆண்டுக்கு 7 அதிக மாதம் சேர்ப்பதும் அங்கே வழங்கிய முறை. இதில் என்ன குறை? நல்ல கணக்காக இருந்தது, எடுத்துக்கொண்டார்கள், பண்டிகைகளை அதன்மேல் நிறுத்தினார்கள்.

மைமோனிடிஸ் இதை மறைக்கவே இல்லை. 1204இல் எகிப்தில் இறந்த இந்த யூதச் சட்ட அறிஞர், மருத்துவரும்கூட, பிறை கணிக்கும் முறைகளை விளக்கிவிட்டு, இதெல்லாம் கிரேக்கர் நூல்களில் உள்ள அறிவு என்கிறார். நிரூபணம் தெளிவாக இருக்கும்போது சொன்னவர் தீர்க்கதரிசியா, பிற இனத்தாரா என்று பார்க்க வேண்டாம் என்று சட்ட நூலிலேயே எழுதிவைத்தார். வானியலில் பழைய ஞானிகள் சொன்னதையெல்லாம் உண்மையோடு பொருத்திக்காட்டச் சொல்லாதீர்கள், அன்று கணிதம் வளரவில்லை என்றும் வேறிடத்தில் சொல்கிறார். எல்லோரும் இப்படி இல்லை. பிரான்ஸின் யூத அறிஞர் ரபேனு தாம், அந்தச் சூரிய விஷயத்தில் பிற இனத்தார் வாதத்தில்தான் வென்றார்கள், உண்மை நம் பக்கமே என்றார்.

விஷயம் சட்டத்தைத் தொடும்போதுதான் சிக்கல். யூதர்களின் வாராந்தர ஓய்வுநாளில் உயிர்களைக் கொல்லக் கூடாது. ஆனால் பேனைக் கொல்லலாம், அது ஆணும் பெண்ணும் சேர்ந்து பெருகுவதில்லை என்கிறது தல்மூத். அப்படியானால் பேன் முட்டையான ஈர்? அந்தக் கேள்வியும் அங்கேயே எழுகிறது, அது வேறொரு பூச்சியின் பெயர் என்று பதில் வருகிறது. 1668இல் இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி, திறந்த குடுவையிலும் துணியால் மூடிய குடுவையிலும் இறைச்சியை வைத்துப் பார்த்தார். ஈ மொய்க்காத இறைச்சியில் புழு வரவில்லை, அதாவது புழு தானாகத் தோன்றுவதில்லை.

ஃபெராராவின் ரபி ஐசக் லம்ப்ரோன்டி பதுவாவில் மருத்துவம் படித்தவர். எல்லா உயிரும் முட்டையிலிருந்தே வருகிறது என்று காட்டிவிட்டார்களே, இனி ஓய்வுநாளில் பேனைக் கொல்லாமல் விடுவதே நல்லது என்று எழுதினார். அவர் காட்டிய ஆதாரம் அந்தச் சூரிய வாதமேதான். அன்று விட்டுக்கொடுத்தவர்கள் இன்றைய நிரூபணத்தைக் கேட்டால் இதையும் விட்டுக்கொடுப்பார்கள் என்றார். அவருடைய ஆசிரியர் யூதா பிரியேல் சம்மதிக்கவில்லை. பிற இனத்தாரின் ஆராய்ச்சியைப் பார்த்து மரபுச் சட்டத்தை மாற்றக் கூடாது என்றார். லம்ப்ரோன்டியின் கலைக்களஞ்சியத்தில் இரண்டு கட்சியும் பதிவாகியிருக்கின்றன.

பிரியேலின் பயம் எனக்குப் புரிகிறது. ரபி யூதா நம்பிய ஊற்றுநீர்க் காரணமே பிறகு நிற்கவில்லையே. ஆனாலும் நான் லம்ப்ரோன்டி கட்சி. ஒரு சட்டம் தன் காரணத்தைத் தானே சொல்லியிருக்கும்போது, அந்தக் காரணம் பொய்யென்று தெரிந்த பிறகும் தெரியாதது போல இருப்பது எனக்குப் பக்தியாகப் படவில்லை. அவர் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு நாள் பேனைக் கொல்லாமல் விடுங்கள் என்றுதான். அவர் பேச்சு எடுபடவில்லை. பெரும்பாலான ரபிகளின் தீர்ப்பு இன்றும் பழையபடியே இருக்கிறது.