தாத்தாவின் ராசி

(அமெரிக்கா, ஓக்லஹோமா மாநிலம், நார்மன் நகரம். பேஸ்பால் போன்ற விளையாட்டான சாஃப்ட்பாலுக்கு ஓக்லஹோமா பல்கலைக்கழகம் வைத்திருக்கும் மைதானமான லவ்ஸ் ஃபீல்ட் வாசலில் ஒரு தாத்தாவும் பேத்தியும்.)

பேத்தி: உள்ளே போவதற்கு முன்னால் ஒரு சத்தியம் செய்யுங்கள் தாத்தா.

தாத்தா: டிக்கெட்டுக்குக் காசும் நான், சத்தியமும் நானா?

பேத்தி: எதிரணி முந்தினால் நீங்களாகவே எழுந்து வெளியே போய்விட வேண்டும். 2024 மார்ச் 3 ஞாபகம் இருக்கிறதா?

தாத்தா: ஏன் இல்லாமல்? இந்த மைதானம் திறந்த மூன்றாம் நாள். நல்ல ஆட்டம்.

பேத்தி: தொடர்ந்து 71 ஆட்டம் ஜெயித்து வந்த நம் ஓக்லஹோமா அணி. நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள். லூசியானா பல்கலைக்கழக அணியிடம் 7-5 என்று தோற்றார்கள்.

தாத்தா: பந்து போட்டது நானா? ஏழு இன்னிங்ஸில் முடிய வேண்டியதை எட்டு வரை இழுத்துப் பிடித்ததே என் ராசிதான்.

பேத்தி: அப்புறம் நீங்கள் வரவே இல்லை. அந்த வருடமும் கல்லூரி அணிகளுக்கான தேசியக் கோப்பை நமக்குத்தான். தொடர்ந்து நாலாவது முறை!

(உள்ளே. 4,200 இருக்கையிலும் ஆள். ஓக்லஹோமா ரசிகர்களின் கோஷம்: ஒரு பக்கம் 'பூமர்!' என்று கத்த, மறுபக்கம் 'சூனர்!' என்று பதில்.)

தாத்தா: சூனர்!

பேத்தி: இப்போது 'பூமர்' தாத்தா.

தாத்தா: சரி விடு. அந்தப் பெண் கையைக் கீழிருந்து சுழற்றித்தானே வீசுகிறாள்? பந்தும் சாத்துக்குடிக்கு அண்ணன் மாதிரி இருக்கிறது. நானே அடிப்பேன்.

பேத்தி: பேஸ்பாலில் 60 அடி தள்ளி நின்று வீசுவார்கள். இவள் நிற்பது 43 அடியில்.

தாத்தா: அப்படியா? எங்கே, வீசட்டும்.

பேத்தி: வீசியாயிற்று.

தாத்தா: சரி, அடுத்தது.

பேத்தி: அதுவும்தான்.

தாத்தா: ஆடுகிறவர்கள் உட்காரும் டக்அவுட்டில் இருக்கும் பிள்ளைகள் ஏன் பாடிக்கொண்டே இருக்கிறார்கள்? கல்யாண வீடா?

பேத்தி: ஆட்டம் முடியும்வரை பாடுவார்கள். ஐயையோ! எதிரணி ஹோம் ரன், கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி! கிளம்புங்கள்.

தாத்தா: இப்போதுதானே உட்கார்ந்தேன்!

பேத்தி: சத்தியம்! அப்படியே எனக்கு நாச்சோஸ்.

(தாத்தா போகிறார். கொஞ்ச நேரத்தில் மைதானமே அதிர்கிறது. நாச்சோஸ் தட்டோடு ஓடி வருகிறார்.)

தாத்தா: என்ன, என்ன?

பேத்தி: நமக்கு ஹோம் ரன்! பின்வரிசைக்காரர் இரண்டு ஹாட் டாக் வாங்கிவரச் சொல்கிறார்.

தாத்தா: அவர் மடியிலேயே இரண்டு இருக்கிறதே!

பேத்தி: இருக்கட்டும் தாத்தா, காசு கொடுத்துவிட்டார். நம் ஆட்கள் இரண்டு பேர் ரன் எடுக்கத் தயாராக பேஸில் நிற்கிறார்கள், சீக்கிரம் போங்கள்!