வலது கால் லாபம்

சார்: நம்ம புது வீட்டுக்கு இந்தப் படிக்கட்டுதான் வேண்டும், மேஸ்திரி. படத்தைப் போனில் பெரிதாக்கிப் பாருங்கள்.

மேஸ்திரி: படி ஒவ்வொன்றையும் யார் சார் பாதி பாதியாகக் கடித்து வைத்தது?

சார்: அது டிசைன். ஒரு படியில் வலப்பக்கம் மட்டும் பலகை, அடுத்ததில் இடப்பக்கம் மட்டும். ஒரு காலுக்கு ஒரு படி. பாதி இடம் மிச்சம்.

மேஸ்திரி: சாதாரணப் படியே கட்டிவிடலாம். தளத்துக்குத் தளம் 10 அடி, அதாவது 120 இன்ச். படி உயரம் ஏழரை என்று வைத்தால்...

சார்: ஏழரை வேண்டாம்.

மேஸ்திரி: ஏன்?

சார்: போன வருடம்தான் எனக்கு ஏழரை முடிந்தது. மறுபடியும் நானே சிமென்ட் பூசி உள்ளே கூப்பிட வேண்டுமா?

மேஸ்திரி: தேசியக் கட்டட விதியிலேயே வீட்டுப் படிக்கு 190 மில்லிமீட்டர் உயரம்வரைதான். இன்ச்சில் போட்டால் ஏறக்குறைய ஏழரை. நாட்டுக்கே இருக்கிறது சார், உங்களுக்கு மட்டும் இல்லை.

சார்: சரி, மேலே சொல்லுங்கள்.

மேஸ்திரி: 16 ஏற்றம். கடைசி ஏற்றத்தில் மாடித் தரை வந்துவிடும், ஆக 15 படி. மிதிக்கிற இடம் படிக்கு 10 இன்ச். மொத்தம் பன்னிரண்டரை அடி நீளம் வேண்டும்.

சார்: ஆறேகால் அடிதான் இருக்கிறது.

மேஸ்திரி: 20க்கு 30 மனையில்?

சார்: பூஜை அறை, இரண்டு பாத்ரூம் எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் படிக்கட்டு ஞாபகம் வந்தது.

(எங்கள் தெருவில் மூன்று வீடுகள் இந்தக் கதைதான். ஒன்றில் படிக்கட்டு நேராக அடுப்படிக்குள் இறங்குகிறது.)

மேஸ்திரி: பிளான் போடும்போது எல்லோருக்கும் இறக்கை முளைத்துவிடுகிறது.

சார்: அது கிடக்கட்டும். படிகளை லாபம், நஷ்டம் என்று எண்ணிப் பாருங்கள். லாபத்தில் முடிய வேண்டும்.

மேஸ்திரி: 15 ஒற்றைப்படை, லாபத்தில்தான் முடியும். ஆனால் உங்கள் படத்தில் வலது காலை முதல் படியில் வைக்கிறீர்கள், லாபம். இடது கால் இரண்டாவதில், நஷ்டம். மறுபடி வலது, லாபம். மாடிவரைக்கும் வலது காலுக்கு லாபம் மட்டும்தான், இடது காலுக்கு நஷ்டம் மட்டும்தான்.

சார்: காலை மாற்றி வைத்தால்?

மேஸ்திரி: அங்கே பலகையே இல்லையே சார். அந்தரம்.

சார்: இறங்கும்போது?

மேஸ்திரி: திரும்பி நிற்கிறீர்கள் அல்லவா? லாபம் முழுக்க இடது காலுக்குப் போய்விடும். முதலில் இடது காலைத்தான் எடுத்து வைக்க வேண்டும்.

சார்: தினமும் காலையில் இடது காலை வைத்து ஆபீசுக்குக் கிளம்புவதா?

மேஸ்திரி: வலது காலை வைத்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம்.

சார்: அப்படியென்றால் இரும்பில் சுழல் படி?

மேஸ்திரி: அதற்கு இடம் போதும். பீரோ எப்படி மேலே போகும்?

சார்: பால்கனி வழியாகக் கயிறு கட்டி இழுத்துக்கொள்ளலாம். ஒரு தடவை ஏற்றிவிட்டால் அது என்ன தினமும் இறங்கவா போகிறது?

மேஸ்திரி: மாடி அறை யாருக்கு?

சார்: அம்மாவுக்கு. நல்ல காற்று வரும்.

மேஸ்திரி: அவர்களையும் பீரோ கணக்கில்தான் ஏற்றுகிறீர்களா?

சார்: என்ன மேஸ்திரி இப்படிக் கேட்கிறீர்கள்? கைப்பிடி வைக்கத்தானே போகிறோம்?

மேஸ்திரி: முட்டி வலி உள்ளவர்களுக்குக் கைப்பிடி எதற்கு சார், பிடித்துக்கொண்டு அழவா? இங்கே வாசலை ஒட்டிப் பத்துக்குப் பதினாறு போட்டிருக்கிறதே, அது என்ன?

சார்: கார் பார்க்கிங்.

மேஸ்திரி: அதை அறையாக்கினால் அம்மா கீழேயே இருக்கலாம். அதிலேயே ஓரமாக ஒரு துண்டை எடுத்துப் படியையும் ஒழுங்காக இறக்கிவிடலாம்.

சார்: காரைத் தெருவில் விடச் சொல்கிறீர்களா? நம்ம ஊர் வெயிலுக்கு இரண்டே வருடத்தில் பெயின்ட் போய்விடும்.

மேஸ்திரி: எந்தக் கார் சார்?

சார்: அடுத்த தீபாவளிக்கு வாங்கலாம் என்று இருக்கிறேன்.