பக்க எண் சொல்லாத சந்தேகம்

நான்கு வருடம் உட்கார்ந்து எழுதிய கைப்பிரதியை நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்திருந்தேன். மூன்று மாதம் கழித்துத் திருப்பித் தந்தார். "நல்லா வந்திருக்கு. நடை பிரமாதம்" என்றார். வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தால், 63ஆம் பக்கத்தின் மேல்மூலை மடிக்கப்பட்டிருந்தது. அதுவரைக்குமான தாள்கள் புரட்டிப் புரட்டி லேசாக உப்பியிருந்தன. அதற்குப் பிறகு ஒரு தாளில்கூட விரல் பட்ட அடையாளம் இல்லை. பிரிண்டரிலிருந்து எடுத்த அன்றைய மொடமொடப்பு அப்படியே இருந்தது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எனக்கு எழுத வராது, இத்தனை வருடமும் என்னையும் ஏமாற்றி மற்றவர்களையும் ஏமாற்றியிருக்கிறேன், முந்தைய இரண்டு நாவல்களை நாலு பேர் பாராட்டியது தாட்சண்யத்துக்காக, இனிமேல் பேனாவைத் தொடக்கூடாது என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது. மடித்த ஒரு மூலையிலிருந்து என் மொத்த வாழ்க்கைக்கும் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க மட்டும் தோன்றவில்லை.

பார்க்க இரண்டு வருடம் ஆனது. 63ஆம் பக்கத்தில் என் கதாநாயகன் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் சிறுவயதை நினைத்துப் பார்க்கத் தொடங்குகிறான். 74ஆம் பக்கம்வரை நினைத்துப் பார்க்கிறான். அவ்வளவுதான் விஷயம். நானாக இருந்தாலும் அங்கேதான் மூலையை மடித்திருப்பேன்.

இத்தனை வருடத்தில் சுயசந்தேகம் பற்றி நான் தெரிந்துகொண்டதெல்லாம் இந்தச் சம்பவத்துக்குள் அடங்கிவிடும். சந்தேகம் இரண்டு வகை. ஒன்று பக்க எண்ணோடு வரும். 'மூன்றாம் அத்தியாயத்தில் அம்மா எதற்காகக் கோபப்படுகிறாள்? காரணமே இல்லையே' என்று கேட்கும். இது வேலைக்காரச் சந்தேகம். இது இல்லாதவன் திருத்தி எழுத மாட்டான். இன்னொன்று பக்க எண் சொல்லாது. 'நீ எழுத்தாளனே இல்லை' என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். எந்த வரி, எந்தக் காட்சி, எந்தப் பாத்திரம் என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. களைப்பும் பயமும் பொறாமையும் சேர்ந்து விமர்சகர் வேஷம் கட்டிக்கொண்டு வந்தால் அதற்குப் பெயர் இதுதான். இப்போதெல்லாம் பக்க எண் சொல்லாத சந்தேகத்தோடு நான் விவாதிப்பதே இல்லை. தோற்பது என்னவோ நாமாகத்தான் இருக்கும்.

பெரிய ஆட்களுக்கு இதெல்லாம் வராது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக்கின் நாட்குறிப்பைப் படித்தபிறகு அந்த நினைப்பு போனது. 'கோபத்தின் கனிகள்' நாவலை அவர் 1938இல் ஐந்து மாதத்துக்குள் எழுதி முடித்தார். அதற்குச் சற்று முன்னால்தான் வேறொரு கைப்பிரதியை, இது சரியில்லை என்று தானே அழித்திருந்தார். நாவல் எழுதிய நாட்களில் கூடவே ஒரு குறிப்பேடும் வைத்திருந்தார். அதைப் பிரித்தால் புலம்பல்தான். வெளியே சத்தம், வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், என் மூளை போதாது, நான் எழுத்தாளனே இல்லை, எல்லாரையும் ஏமாற்றுகிறேன் என்கிற ரீதியில் போகும். 1940இல் புலிட்சர், 1962இல் நோபல் என்று பின்னால் வந்ததெல்லாம் நமக்குத் தெரியும். அந்தக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்த மனிதருக்குத் தெரியாது.

எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு. புலம்பலை எழுதி முடித்ததும் அன்றைய பங்கை எழுத உட்கார்ந்துவிடுகிறார். சந்தேகம் தீரட்டும், அப்புறம் எழுதலாம் என்று காத்திருக்கவில்லை. சந்தேகத்தை ஒரு நோட்டில் இறக்கி வைத்துவிட்டு இன்னொரு நோட்டைத் திறக்கிறார். (அதற்கும் இரண்டு வருடம் முன்னால், வேறொரு குறுநாவலின் கைப்பிரதியில் பாதியை அவருடைய நாய்க்குட்டி கடித்துக் குதறிவிட்டது. இரண்டு மாத உழைப்பு. மாற்றுப் பிரதியும் கிடையாது. நாய் ஒருவேளை விமர்சனமாகத்தான் செய்ததோ என்ற தொனியில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். எனக்கு அவ்வளவு பெருந்தன்மை வராது.)

அதைப் பார்த்து நானும் ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, எத்தனை வார்த்தை, ஒரு வரியில் மனநிலை. இலக்கியம் எதுவும் அதில் கிடையாது. 'குப்பை.' 'பரவாயில்லை.' 'இன்று பறந்தது.' 'எதற்கு இந்த வேலை.' இப்படித்தான் இருக்கும். நாவல் முடிந்து ஆறு மாதம் ஆறப்போட்டபிறகு, பிரதியையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு சோதனை செய்தேன். பிரதியைப் படித்து, எந்தப் பகுதி 'குப்பை' நாளில் எழுதியது, எது 'பறந்த' நாளில் எழுதியது என்று முதலில் ஊகித்துக் குறித்துக்கொண்டேன். அப்புறம் தேதியோடு ஒப்பிட்டேன். பூவா தலையா போட்டிருந்தால்கூட இன்னும் கொஞ்சம் நன்றாக வந்திருக்கும். பறந்த நாட்களில் எழுதியதில் பாதி, சொல்லழகில் மயங்கிக் கதையை நிறுத்தி வைத்த பக்கங்கள். அந்த 63 முதல் 74 வரையிலான ஜன்னல் காட்சியையும் இப்படி ஒரு பறந்த நாளில்தான் எழுதியிருப்பேன், சத்தியம் செய்வேன். எழுதுகிற நேரத்து மனநிலைக்கும் எழுத்தின் தரத்துக்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு என்பதை அந்த நோட்டு எனக்குக் கணக்காகக் காட்டியது. ஆறுதலாகச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

சந்தேகம் வரும் இடத்தையும் அதே நோட்டுதான் காட்டிக்கொடுத்தது. எனக்கு அது முப்பதாயிரத்திலிருந்து நாற்பதாயிரம் வார்த்தைக்குள் வரும். ஒவ்வொரு நாவலிலும் அங்கேயேதான். தொடங்கிய வேகம் அடங்கியிருக்கும், முடிவு கண்ணுக்குத் தெரியாது, நடுக்காடு. அந்த இடத்தில்தான் அடுத்த நாவலுக்கு அற்புதமான யோசனை ஒன்று வந்து கையைப் பிடித்து இழுக்கும். இரண்டு முறை அதன் பின்னால் போயிருக்கிறேன். இரண்டிலும் அதே முப்பதாயிரத்தில் போய் நின்றேன்.

நிராகரிப்புக்கு வருகிறேன். எந்தெந்தப் பிரபல நாவல் எத்தனை பதிப்பகங்களால் திருப்பி அனுப்பப்பட்டது என்ற பட்டியலை வாரத்துக்கு ஒருவர் பகிர்கிறார். நல்ல எண்ணத்தில்தான் பகிர்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. நிராகரிக்கப்பட்டு, கடைசிவரை வெளிவராமலே போன பிரதிகளுக்கு யார் பட்டியல் போடுகிறார்கள்? தவிர, சில நிராகரிப்புகள் நியாயமானவை. என் முதல் நாவலைத் திருப்பி அனுப்பியவர்கள் எனக்கு உதவிதான் செய்தார்கள். அது அச்சாகியிருந்தால் இன்று அதை எங்கே ஒளித்து வைப்பேன்?

அதே சமயம் எல்லா நிராகரிப்பும் படித்துப் பார்த்துச் சொன்ன தீர்ப்பும் அல்ல. இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி பிரிட்டிஷ் நாவலாசிரியர் டோரிஸ் லெஸ்ஸிங். உலகம் முழுக்கப் பெயர் பெற்ற பிறகு, 1980களின் தொடக்கத்தில் ஜேன் சோமர்ஸ் என்ற புனைபெயரில் ஒரு நாவலை எழுதி அனுப்பினார். அவருடைய வழக்கமான பதிப்பகமே வேண்டாம் என்று திருப்பிவிட்டது. வேறொரு இடம் 1983இல் அதை வெளியிட்டது. விற்பனையும் பிரமாதமில்லை, பெரிய கவனிப்பும் இல்லை. அடுத்த வருடம் உண்மையை அவரே வெளியே சொன்னார். அதே கை, அதே மூளை. அட்டையில் பெயர் மட்டும் வேறு. அப்படியானால் திருப்பி அனுப்பும்போது அவர்கள் எதைத்தான் படித்தார்கள்?

நிராகரிப்புக்கும் அதனால் அதே பரீட்சைதான் வைக்கிறேன். பக்க எண் இருக்கிறதா? என் மூன்றாவது நாவலுக்குப் பதினோரு மாதம் கழித்து ஒரு இடத்திலிருந்து இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது. 'எங்கள் பட்டியலுக்குப் பொருந்தவில்லை. தொடர்ந்து எழுத வாழ்த்துகள்.' அந்த இரண்டு வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். 'பொருந்தவில்லை' என்ற சொல்லை மட்டும் பிரித்துப் பிரித்து அர்த்தம் பார்த்தேன். அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. யாரோ ஒருவர் ஒரு மதிய நேரத்தில் பத்துப் பேருக்கு அனுப்பிய பதிலாக இருக்கலாம்.

அதே பிரதியை இன்னொரு இடத்தில் எடிட்டர் ஒருவர் படித்தார். அவர்களும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அந்த அம்மா தொலைபேசியில் கூப்பிட்டு, "சார், ஒரே ஒரு கேள்வி. 140ஆம் பக்கத்துல அந்த அப்பா ஏன் திரும்பி வர்றார்?" என்றார்.

"குற்ற உணர்ச்சி மேடம்."

"அது நீங்க சொல்றீங்க. அவர் சொல்லலையே. பத்து வருஷம் வராத மனுஷன், அன்னைக்குன்னு ஏன் வர்றார்?"

என்னிடம் பதில் இல்லை. கதைக்கு அவர் தேவைப்பட்டார், வரவழைத்தேன். உண்மை அதுதான். போனை வைத்துவிட்டு அரைமணி நேரம் கோபத்தில் இருந்தேன், அப்புறம் வெட்கத்தில் இருந்தேன், அப்புறம் 140ஐத் திறந்தேன். அந்த அப்பாவுக்கு ஒரு காரணம் தேடப்போய்க் கடைசி நூறு பக்கமும் மாறியது. கேள்வி கேட்ட இடத்தில் அந்த நாவல் வரவில்லை, வேறு இடத்தில்தான் வந்தது. ஆனாலும் அதற்கு யாராவது எடிட்டர் என்றால் அவர்தான்.

விற்பனைக் கணக்கைப் பற்றிச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். எழுதிக்கொண்டிருக்கும் மாதங்களில் ராயல்டி கணக்கு வந்தால் பிரிக்காமல் வைத்துவிடுவேன். மறைக்க ஒன்றுமில்லை. அந்த எண் எந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்று சொல்லாது, அவ்வளவுதான். பொறாமை இன்னும் மோசம். நம்மோடு எழுத ஆரம்பித்த ஒருவருக்கு விருது என்று செய்தி வரும். வாழ்த்துகள் என்று கை தட்டச்சு செய்யும், வயிறு வேறு வேலை பார்க்கும். இதற்கு மருந்து எனக்குத் தெரியாது. அவருடைய புத்தகத்தை வாங்கிப் படித்துவிடுவேன். நன்றாக இருந்தால் கற்றுக்கொள்ள ஏதாவது கிடைக்கிறது. நன்றாக இல்லையென்றால், சரி, அதுவும் ஒருவகை நிம்மதிதான், பொய் சொல்வானேன்.

பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு காலை ஒன்றரை மணி நேரத்தில் எழுதுகிற என் போன்றவர்களுக்கு ஆங்கில நாவலாசிரியர் பார்பரா பிம்மைத்தான் காட்டத் தோன்றுகிறது. ஆறு நாவல் வெளியான பிறகு, ஏழாவதை அவருடைய பதிப்பகம் 1963இல் மறுத்துவிட்டது. அடுத்த 14 வருடம் அவருடைய புது நாவல் எதுவும் வரவில்லை. லண்டனில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஆய்விதழ் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1977இல் ஓர் இலக்கிய இதழ், போதிய கவனம் பெறாத எழுத்தாளர்கள் யார் என்று பலரிடம் கேட்டபோது இரண்டு பேர் தனித்தனியாக அவர் பெயரைச் சொன்னார்கள். அதே வருடம் புது நாவல் வெளிவந்து புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கும் போனது. 1980இல் இறந்துவிட்டார்.

அவருக்கு அங்கீகாரம் வந்ததே என்று இதைச் சொல்லவில்லை. அது அதிர்ஷ்டம், அந்த இரண்டு பேரும் அன்று வேறு பெயரைச் சொல்லியிருக்கலாம். கதவு திறந்த அன்று கொடுக்க அவரிடம் பிரதி இருந்தது, அதுதான் எனக்கு உறைத்தது. யாரும் கேட்காத வருடங்களிலும் எழுதியிருக்கிறார். அந்தப் பதினான்கு வருடத்தில் எத்தனை காலைகள் அவருக்கு மொட்டைச் சந்தேகம் வந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ராத்திரியில் எதையும் அழிக்காதீர்கள். ரஷ்ய எழுத்தாளர் நிகோலாய் கோகல் தன் 'இறந்த ஆன்மாக்கள்' நாவலின் இரண்டாம் பாகத்தை 1852இல் ஓர் இரவு நெருப்பில் போட்டார். சில நாட்களிலேயே இறந்தும் போனார். எனக்கு ஒரு விதி உண்டு. இருட்டிய பிறகு ஃபைலை டெலிட் செய்ய எனக்கு அதிகாரம் கிடையாது. விடிந்த பிறகும் அழிக்கத் தோன்றினால் வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு அழிக்கலாம். இன்னொன்று. வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் போய், எழுத்து மட்டுமல்ல எதுவுமே வேண்டாம் என்று தோன்றினால் அது நாவல் பிரச்சினை இல்லை. நோட்டுப் போட்டுச் சமாளிக்கிற விஷயமும் இல்லை. மருத்துவரிடம் போங்கள். எழுத்தாளனுக்கு மனச்சோர்வு அழகு என்று பேசுகிறவர்கள் யாரும் கூட வந்து உட்காரப் போவதில்லை.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும் நாவல் முப்பத்தெட்டாயிரம் வார்த்தையில் நிற்கிறது. நடுக்காடு. காலையில் உட்கார்ந்ததும் வழக்கமான ஆள் வந்தார், நீ எழுத்தாளனே இல்லை என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டேன். வழக்கமாக இந்தக் கேள்விக்கு எழுந்து போய்விடுவார். இன்று கொஞ்ச நேரம் கழித்து 211 என்றார்.

திறந்து பார்த்தேன். தம்பி மழையில் நின்று கதவைத் தட்டுகிறான். அக்கா உள்ளேதான் இருக்கிறாள், விளக்கும் எரிகிறது. திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.