கோக்டா அருவிக்கு நடந்தேதான் போக வேண்டும்

பெரு நாட்டுக்குப் பயணம் போகும் நம்மவர்களில் பெரும்பாலோர் மச்சு பிச்சுவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்நாட்டின் வடக்கே, சாச்சாபோயாஸ் நகரத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கோக்டா அருவியையும் அவர்கள் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். அதோடு, அந்த அருவி இன்று போலவே என்றும் நடந்து சென்று அடையும் இடமாக இருக்க வேண்டும், அதற்கான பாதை ஊர்மக்களின் கையிலேயே இருக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

இரண்டு அடுக்குகளாக விழும் இந்த அருவியின் மொத்த உயரம் 771 மீட்டர். ஸ்டெஃபான் ஸீமென்டோர்ஃப் என்ற ஜெர்மானியர் 2002-இல் இதைப் பார்த்து, பிறகு அளந்து, 2006-இல் உலகத்துக்கு அறிவித்தார். உலகின் மூன்றாவது உயரமான அருவி என்று அப்போது செய்தி பரவியது. ஆனால் அதே வட்டாரத்திலுள்ள யும்பில்லா அருவி இதைவிட உயரமானது என்பது விரைவிலேயே தெரியவந்தது. அதன் உயரம் 895 மீட்டர். அளவும் பட்டியலும் இப்படி மாறிக்கொண்டேதான் இருக்கும். அருவியை அடுத்துள்ள கோகாச்சிம்பா என்ற ஊரின் மக்களோ, யாரும் அளப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, வீட்டு வாசலில் நின்று இந்த அருவியைப் பார்த்து வாழ்ந்தவர்கள். தரவரிசை எண்ணுக்காக அங்கே போகிறவர்களுக்கு ஒரு புகைப்படம் கிடைக்கலாம். அந்த இடத்தின் அருமை பிடிபடாது.

அருமை நடையில்தான் இருக்கிறது. ஊர் அலுவலகத்தில் பெயரைப் பதிந்து, கட்டணம் செலுத்தி, வழிகாட்டியாக வந்த ஊர்ப் பெண்மணியுடன் காலையிலேயே புறப்பட்டோம். ஒரு வழிக்கு ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சமதரை என்று சொல்லத்தக்க இடம் குறைவு, ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தொடக்கத்தில் கரும்புத் தோட்டங்கள் வருகின்றன. வழியோரத்தில் கரும்புச்சாறு பிழிந்து தருகிறார்கள். அதைக் கடந்ததும் மேகக் காடு தொடங்குகிறது. பாசி மூடாத கிளையே அங்கு இல்லை. கிளைக்குக் கிளை ஆர்க்கிட் செடிகள் தொற்றி வளர்கின்றன. வழிகாட்டி திடீரென நின்று, பேசாதீர்கள் என்று கையைக் காட்டினார். அவர் காட்டிய மரத்தில் பெருவின் தேசியப் பறவை, தலை முழுவதும் செம்மஞ்சள் கொண்டையாக, அசையாமல் அமர்ந்திருந்தது. தனியாகப் போயிருந்தால் அந்த மரத்தைத் தாண்டிப் போயிருப்பேன்.

ஊரிலிருந்தே முழுமையாகத் தெரிந்த அருவி, காட்டுக்குள் நுழைந்ததும் மறைந்துவிடுகிறது. அதன்பின் வெகுநேரம் ஓசை மட்டுமே துணை. அடிவாரத்தை நெருங்குகையில், அருவி கண்ணில் படுவதற்கு முன்பே அதன் காற்று முகத்தில் மோதுகிறது. அண்ணாந்து பார்த்தால், தண்ணீர் ஒரே தாரையாக விழுவதில்லை. கட்டிகட்டியாகப் புறப்பட்டு, பாதி வழியில், கொடியில் காயும் வேட்டியைக் காற்று அலைப்பதுபோல விரிந்து நெளிந்து, பிறகு திவலைகளாகச் சிதறுகிறது. குளத்திலிருந்து எட்டியே நின்றாலும் சில நிமிடங்களில் உடல் முழுவதும் நனைந்துவிடும். அங்கே ஒரு தங்கக் கூந்தல் கடற்கன்னி புதையலைக் காத்து வருவதாகவும், அதற்கு அஞ்சி முன்னோர் இவ்வளவு அருகில் வரமாட்டார்கள் என்றும் வழிகாட்டி சொன்னார். அந்த இரைச்சலின் நடுவே கேட்கும்போது, முன்னோரின் அச்சம் எனக்கு முழுவதுமாகப் புரிந்தது.

அதே வட்டாரத்தில், மலை உச்சியிலுள்ள குவேலாப் கோட்டைக்கு 2017 முதல் ரோப்கார் ஓடுகிறது. ஒரு கோட்டையைப் பார்க்க அது பெரும் வசதிதான். ஆனால் அருவிக்கும் அப்படியொரு வசதி வந்தால் நல்லதுதானே என்று நண்பர்கள் கேட்கும்போது என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அழியும் விளிம்பில் உள்ள, பெருவைத் தவிர வேறெங்கும் காணப்படாத மஞ்சள்வால் கம்பளிக் குரங்குகள் வாழும் வட்டாரம் இது. நடந்துதான் போக முடியும் என்ற நிலையே இங்கு கூட்டத்தை மட்டுப்படுத்துகிறது. கம்பி வேலியோ காவலரோ இந்த அளவுக்குச் செய்துவிட முடியாது. வழிகாட்டுவோர், குதிரை வைத்திருப்போர், உணவு சமைத்துத் தருவோர் ஆகியோரின் வருமானமும் இந்த நடையை நம்பியே இருக்கிறது.

முதியவர்களுக்கும் நடக்க இயலாதவர்களுக்கும் என்ன வழி என்ற கேள்வி நியாயமானது. பாதையின் ஒரு பகுதி வரை குதிரையில் போகலாம். அதுவும் முடியாதவர்கள் கோகாச்சிம்பாவிலேயே அமர்ந்து இரண்டு அடுக்குகளையும் ஒருசேரக் காணலாம். உண்மையில், அருவியின் முழு உருவம் அடிவாரத்தைவிட ஊரிலிருந்துதான் நன்றாகத் தெரிகிறது.

போக நினைப்பவர்கள் சாச்சாபோயாஸிலிருந்து அவசரமாக வந்து திரும்பாமல், முந்தைய இரவே கோகாச்சிம்பாவில் தங்கிவிடுங்கள். செலவழிக்கும் பணம் அந்த ஊரிலேயே நிற்கும். மழைக்காலத்தில் தண்ணீர் பெருகி வரும், ஆனால் பாதை சேறாக இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை நடக்க எளிது, அருவி சற்று மெலிந்திருக்கும். எந்தப் பருவமானாலும் மழை அங்கியும் நல்ல பிடிப்புள்ள காலணியும் அவசியம்.