கடன் வாங்கிய டிரைவர்களில் ஓடும் ஹைக்கூ

ஹைக்கூ என்றதும் மூன்று வரிக் கவிதையை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது அதே பெயரில் இருக்கும் ஓப்பன் சோர்ஸ் இயங்குதளம் பற்றிய பதிவு. கொஞ்சம் நீளம். கம்ப்யூட்டர் சமாச்சாரம் பிடிக்காதவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டு நகர்ந்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் பழைய லேப்டாப்பில் இது ஓடுவதைப் பார்த்த நண்பர் ஒருவர், "இருபது வருஷத்துக்கு மேல ஆகியும் பீட்டாவைத் தாண்டாத சாமானை வெச்சுக்கிட்டு என்னய்யா பண்றே?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஒரு பீட்டாவுக்கும் (இறுதிக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) அடுத்த பீட்டாவுக்கும் நடுவில் என்னென்ன பிழைகளைத் திருத்தினார்கள், அதற்கு எங்கிருந்தெல்லாம் கை நீட்டி வாங்கினார்கள் என்று பார்த்தால் இந்தத் திட்டத்தின் மேல் மரியாதை வரும். புது ஐகான், புது தீம் என்றால் உடனே யூட்யூபில் பத்து வீடியோ வந்துவிடும். வைஃபை டிரைவரில் (வைஃபை சிப்போடு பேசும் நிரல்) ஒரு பக்கை, அதாவது பிழையை, சரிசெய்தார்கள் என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கோ அந்த வைஃபை சேதிதான் சேதி.

முன்கதை தெரியாதவர்களுக்காக: ஆப்பிளிலிருந்து வெளியே வந்த ழான்-லூயி காஸே 1990-இல் பி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்கள் உருவாக்கியதுதான் பிஓஎஸ் (BeOS) என்ற இயங்குதளம். 1996-இல் ஆப்பிள் அதை வாங்கப் பேரம் பேசியது, படியவில்லை, ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட்டை வாங்கியது. அதற்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். 2001-இல் பி நிறுவனத்தின் சொத்துகள் 1.1 கோடி டாலருக்குப் பாம் நிறுவனத்திடம் போயின. பிஓஎஸ்ஸை விட மனமில்லாத ரசிகர்கள் அதே ஆண்டு ஆகஸ்டில், மொத்தத்தையும் முதலிலிருந்து தாங்களே எழுதுவது என்று இறங்கினார்கள். 2004-இல் அதற்கு ஹைக்கூ என்று பெயர் வந்தது. பிஓஎஸ்ஸின் உலாவி, பக்கம் கிடைக்காவிட்டால் பிழைச் செய்தியை ஹைக்கூ கவிதையாகக் காட்டும். அந்த ஞாபகத்தில் வைத்த பெயர்.

பீட்டாவுக்கும் முந்தைய சோதனைப் பதிப்பான ஆல்ஃபாவில் முதலாவது 2009-இல், முதல் பீட்டா 2018-இல், ஐந்தாவது பீட்டா 2024 செப்டம்பரில். இந்தத் தேதிகளை மட்டும் பார்த்தால் நண்பர் சிரித்தது சரி என்றே தோன்றும்.

ஆனால் ஒரு சின்னக் குழு இயங்குதளம் எழுதும்போது முட்டிக்கொள்ளும் சுவர் எது? இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைக் கெட்டிக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் எழுதிவிடலாம். டெஸ்க்டாப்பும் அப்படித்தான். ஹைக்கூவின் டெஸ்க்டாப் இன்றைக்கும் பழைய கணினியில் பறக்கிறது. 32-பிட் பதிப்புக்கு 384 எம்பி ரேம் இருந்தாலே போதும் என்கிறார்கள். சுவர் டிரைவர்களில்தான் இருக்கிறது. சந்தையில் இருக்கும் வைஃபை சிப், ஈதர்நெட் சிப், டிஸ்க் கன்ட்ரோலர், டச்பேட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பேசத் தெரிந்த கோட் வேண்டும். விண்டோஸுக்கு அதைச் சிப் தயாரிப்பவரே எழுதிக் கொடுப்பார். லினக்ஸுக்கு இன்டெல், ஏஎம்டி போன்றவர்கள் ஆள் போட்டு எழுதுகிறார்கள். ஹைக்கூவுக்கு யார் எழுதுவார்கள்? ஒருவரும் இல்லை.

இங்கேதான் அவர்கள் எடுத்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. நெட்வொர்க் டிரைவர்களைப் பெரும்பாலும் தாங்களே எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு ஓப்பன் சோர்ஸ் இயங்குதளத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டிரைவர்களை எடுத்து, அவை கெர்னலிடம் என்னென்ன கேட்குமோ அதையெல்லாம் அதே பெயரில், அதே மாதிரி பதில் சொல்லும் ஒரு இடைப்படலத்தை எழுதினார்கள். நினைவகம் கொடு, இன்டரப்ட் (சாதனம் தரும் குறுக்கீட்டு சிக்னல்) வந்தால் கூப்பிடு, இந்தப் பாக்கெட்டை வாங்கிக்கொள் என்று டிரைவர் கேட்கும். தான் ஃப்ரீபிஎஸ்டியில் இருப்பதாகத்தான் அது நினைத்துக்கொண்டிருக்கும். பதில் சொல்வது ஹைக்கூ. வேற்றூருக்குக் கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சமையலறையை அப்படியே அமைத்துக் கொடுத்த மாதிரி. இதில் பெரிய லாபம் என்னவென்றால், டிரைவர் கோடில் கை வைப்பது மிகக் குறைவு. ஃப்ரீபிஎஸ்டியில் ஒரு பிழையைத் திருத்தினால் புது நகலை எடுத்துப் போட்டு அந்தத் திருத்தத்தையும் வாங்கிக்கொள்ளலாம்.

ஏன் லினக்ஸிலிருந்து எடுக்கவில்லை, அங்கேதானே எல்லா டிரைவரும் இருக்கிறது என்று கேட்கலாம். முதல் காரணம் லைசென்ஸ். லினக்ஸ் கெர்னலின் லைசென்ஸ் ஜிபிஎல், தன்னோடு கலந்து வெளியிடும் கோடையும் அதே லைசென்ஸில் தரச் சொல்வது. ஹைக்கூவுடையது எம்ஐடி, அந்த நிபந்தனை இல்லாதது. லினக்ஸ் டிரைவரைத் தன் கெர்னலோடு கலந்தால் ஹைக்கூவுக்கு லைசென்ஸ் தலைவலி. இன்னொன்று, லினக்ஸ் கெர்னலின் உள்கட்டமைப்பு மாறிக்கொண்டே இருக்கும். உள் இடைமுகங்கள் மாறாமல் இருக்கும் என்ற உத்தரவாதமே தரமாட்டோம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நாலைந்து பேர் அதைத் துரத்திக்கொண்டு ஓட முடியாது.

இன்டெல் வைஃபை கதைதான் இதில் ருசியானது. லேப்டாப்களில் அதிகம் இருப்பது இன்டெல் வைஃபை சிப். ஃப்ரீபிஎஸ்டியில் அதற்கு இருந்த பழைய டிரைவர் ஒரு கட்டத்தில் தேங்கிவிட்டது. ஃப்ரீபிஎஸ்டிக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். லினக்ஸ் டிரைவரையே தங்கள் கெர்னலில் ஓட்டும்படி ஒரு இடைப்படலம் செய்தார்கள். ஹைக்கூ அந்தப் பக்கம் போகவில்லை. ஃப்ரீபிஎஸ்டியின் உறவுக்கார இயங்குதளமான ஓப்பன்பிஎஸ்டியில் இதே சிப்களுக்கான டிரைவர்கள் தொடர்ந்து பராமரிக்கப்பட்டு வந்தன. ஏஎக்ஸ்200 மாதிரியான வைஃபை 6 சிப்களுக்கும் அங்கே டிரைவர் வந்துவிட்டது. 2022-இல் அந்த டிரைவர்களை எடுத்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், ஹைக்கூவின் வைஃபை அடுக்கு (டிரைவருக்கு மேலே இருந்து இணைப்பைக் கவனிக்கும் பகுதி) ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து வந்தது. ஆக டிரைவர் ஓப்பன்பிஎஸ்டி, அடுக்கு ஃப்ரீபிஎஸ்டி, கெர்னல் ஹைக்கூ. மூன்று வீட்டு ஆட்களையும் ஒரே பந்தியில் உட்கார வைத்து, யாருக்கும் மனத்தாங்கல் வராமல் பரிமாறியிருக்கிறார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பீட்டா 4 வந்தபோது என் லேப்டாப்பில் வைஃபை பட்டியல் தானாகவே விரிந்தது. அதற்கு முன்பு வரை கேபிள்தான்.

அதே பீட்டா 4-இல் வந்த இன்னொன்று, ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பியில் செருகி அதன் இணையத்தைப் பகிர்ந்துகொள்ளும் வசதி. பார்க்கச் சின்ன டிரைவர். ஆனால் வைஃபை சிப் ஆதரவில்லாத லேப்டாப்பில், போனைச் செருகி நெட்டை வாங்கி, வேண்டிய பாக்கேஜை இறக்கிக்கொள்ளலாம் என்றால் ஆள் பிழைத்துக்கொள்வார். இப்படிப்பட்ட உபகாரத்தை எந்த விமர்சனக் கட்டுரையும் தலைப்பில் போடாது.

நெட்வொர்க்கோடு இது நிற்கவில்லை. விண்டோஸ் டிஸ்க்கைப் படிக்கும் என்டிஎஃப்எஸ் டிரைவரைப் புதிதாக என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற ஓப்பன் சோர்ஸ் கோடின் மேல் அமைத்தார்கள். பென் டிரைவ்களில் இருக்கும் ஃபேட் கோப்புமுறைக்கு இருந்த பழைய டிரைவரை எடுத்துவிட்டு, பீட்டா 5-இல் ஃப்ரீபிஎஸ்டியின் கோடை வைத்து எழுதியதைப் போட்டார்கள். 2025-இல் நிரல்களுக்கு நினைவகம் பிரித்துக் கொடுக்கும் பகுதியையே மாற்றி, ஓப்பன்பிஎஸ்டியின் மேலாக் (malloc) கோடைக் கொண்டுவந்தார்கள். 'எங்கள் கையால் எழுதினால்தான் எங்களுடையது' என்ற வறட்டுக் கௌரவம் துளியும் இல்லை. எத்தனையோ நல்ல திட்டங்கள் அந்தக் கௌரவத்தால்தான் படுத்திருக்கின்றன.

கடன் வாங்க முடியாத இடங்களும் உண்டு. அங்கேதான் பாடு. யுஎஸ்பி 3 கன்ட்ரோலருக்கான எக்ஸ்எச்சிஐ டிரைவர் அவர்களே எழுதியது. நெடுநாள் அது தகராறு பிடித்ததாகவே இருந்தது. புது லேப்டாப்பில் பென் டிரைவிலிருந்து பூட் செய்தால் பாதியில் நிற்கும், இல்லாவிட்டால் வெள்ளைத் திரையில் 'வெல்கம் டு கெர்னல் டீபக்கிங் லேண்ட்' என்று வரும். ஹைக்கூவில் கெர்னல் விழுந்தால் வரும் திரை அது. கேடிஎல் என்பார்கள். விண்டோஸின் நீலத் திரை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்காது. கட்டளை அடித்து எந்த இழை (நிரலின் ஓட்டம்) எங்கே மாட்டியிருக்கிறது என்று அங்கேயே பார்க்கலாம். 2019-இல் அந்த எக்ஸ்எச்சிஐ டிரைவரில் உட்கார்ந்து வரிசையாகப் பிழைகளைக் களைந்தார்கள். அதே ஆண்டில்தான் புது லேப்டாப்களில் இருக்கும் வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி டிஸ்க்குக்கான டிரைவரும் வந்தது. இந்த இரண்டும் இல்லையென்றால் இன்றைய கணினி எதிலும் ஹைக்கூவை நிறுவுவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இந்த வேலைகளில் பெரும்பங்கு அகஸ்டின் கவாலியர் என்பவருடையது. ஹைக்கூ இன்க் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு 2021-இலிருந்து நன்கொடைப் பணத்தில் அவருக்கு ஒப்பந்த ஊதியம் கொடுக்கிறது. அதுவரை பெரும்பாலோர் ஓய்வு நேரத்தில் எழுதியவர்கள். பிழை திருத்துவது ஓய்வு நேர வேலைக்கு ஒத்துவராது என்பது என் அபிப்பிராயம். புது வசதி எழுத ஞாயிற்றுக்கிழமை உற்சாகம் போதும். ஆயிரத்தில் ஒருமுறை மட்டும் வரும் கெர்னல் தொங்கலைத் தேட, தினமும் அதே இடத்தில் உட்காரும் ஆள் வேண்டும், அவருக்குச் சோறு போட ஒருத்தர் வேண்டும்.

பீட்டா 5-க்கு முன்னால், இணையத்தில் டேட்டாவைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கும் டிசிபி முறையில் செய்த வேலை அப்படிப்பட்டது. இறக்கும் வேகம் மந்தமாக இருக்கிறது என்ற புகார் நெடுநாளாக உண்டு. டிரைவர் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். போய்ப் பார்த்தால், டேட்டா வாங்கும் பக்கம் 'எனக்கு இவ்வளவு இடம் இருக்கிறது, அனுப்பு' என்று சொல்லும் அளவு, இணைப்பின் வேகத்துக்கு ஏற்பப் பெரிதாகவில்லை. கிடைத்துவிட்டது என்று பதில் அனுப்பும் முறையிலும் குளறுபடி. இரண்டையும் திருத்திய பிறகு அதே கேபிள், அதே டிரைவர், வேகம் மட்டும் பல மடங்கு.

சரி, புகழ்ந்தது போதும். எனக்குக் குறைகள் உண்டு.

பெரிய குறை, வெளியீடுகளுக்கு இடையே விடும் இடைவெளி. 2012 நவம்பரில் நான்காவது ஆல்ஃபா வந்தது. முதல் பீட்டா வர ஏறக்குறைய ஆறு வருஷம் ஆனது. பீட்டா 4-க்கும் 5-க்கும் நடுவில் சுமார் 21 மாதம். இந்த இடைவெளியில் திருத்தங்கள் தினமும் தயாராகும் நைட்லி பதிப்பில் விழுந்துகொண்டே இருக்கும். ஆனால் புதிதாக வருபவர் யார் நைட்லியை இறக்குவார்? பழைய பீட்டாவை இறக்குவார், எப்போதோ திருத்திவிட்ட பக்கில் மாட்டுவார், 'இது தேறாது' என்று அழித்துவிட்டுப் போவார். திருத்தம் கோடில் இருந்தால் போதுமா, ஜனங்களின் கணினிக்கு வர வேண்டாமா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை சின்னதாக ஒன்றை வெளியிடுங்கள், வசதிகள் குறைவாக இருந்தால் இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. இத்தனைக்கும் அப்டேட் சொதப்பினால் தப்பிக்கும் வழி ஹைக்கூவில் மிக நன்றாக இருக்கிறது. பூட் ஆகும்போது ஷிஃப்ட்டை அழுத்தி மெனுவுக்குப் போனால், அப்டேட்டுக்கு முந்தைய நிலையைத் தேர்ந்தெடுத்து அதிலேயே பூட் செய்யலாம். இவ்வளவு வசதி வைத்துக்கொண்டு வெளியிடத் தயங்குவது எனக்குப் புரியவில்லை.

கிராஃபிக்ஸ் அடுத்த குறை. முப்பரிமாண வேலையெல்லாம் பிராசசரின் தலையில்தான். பங்களிப்பாளர் ஒருவர் ஏஎம்டி அட்டைகளுக்குத் தனியாகச் சோதனை முயற்சிகள் செய்து காட்டியிருக்கிறார். ஆனால் நிறுவியதும் கிடைக்கிற மாதிரி இல்லை.

அப்புறம் நம் வயிற்றெரிச்சல் ஒன்று. ஹைக்கூவின் சொந்த மென்பொருள்களில் தமிழ் ஒழுங்காகத் தெரியாது. எழுத்துருவில் குறையில்லை. யுனிகோடில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும் ஒற்றைக் கொம்பை, திரையில் முன்னால் நகர்த்திப் போடும் வேலையை அங்கே யாரும் செய்வதில்லை. அதனால் 'கெ' என்று அடித்தால் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கும். க்யூட்டி (Qt) என்ற பொதுக் கருவித்தொகுப்பு வழி வந்த மென்பொருள்களில் இந்தச் சிக்கல் இல்லை. தமிழில் நன்றாக நிரல் எழுதும் தம்பி தங்கைகள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். யாராவது இதில் கை வைத்தால் நமக்கு மட்டுமல்ல, இந்திக்கும் வங்காளத்துக்கும் சேர்த்து விடியும்.

தினசரி வேலைக்கு முழுசாக இதற்கு மாறுங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வங்கி வேலை, வீடியோ மீட்டிங் இருப்பவர்கள் கிட்டேயே போக வேண்டாம். ஆனால் அலமாரியில் தூங்கும் லேப்டாப் ஒன்று இருந்தால் பென் டிரைவில் போட்டுப் பாருங்கள், நிறுவாமலேயே ஓடும். திரை சரியாக வராவிட்டால் அதே பூட் மெனுவில் ஃபெயில்-சேஃப் வீடியோ என்று இருக்கும். கேடிஎல் வந்தால் பயப்படாமல் போனில் ஒரு படம் எடுத்து ஹைக்கூவின் பிழைப் புகார்ப் பக்கத்தில் டிக்கெட்டாகப் போடுங்கள், அந்தப் படத்துக்கு அங்கே மதிப்பு உண்டு. வைஃபை வரவில்லையா? டெர்மினலில் லிஸ்ட்டெவ் (listdev) என்று அடித்தால் உள்ளே என்ன சிப் இருக்கிறது என்று சொல்லிவிடும். சிப் பெயரைக் கீழே போடுங்கள், டிரைவர் பீட்டாவில் இருக்கிறதா, நைட்லிக்குப் போக வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.