அரளிக்குப் பின்னால் என்ன வருகிறது?

நேற்று நாலுவழிச் சாலையில் எங்கள் கூட்ரோட்டில், சென்டர் மீடியனில், அதாவது சாலை நடுத்திட்டில், கடப்பதற்கு விட்ட இடைவெளியின் வாயிலேயே இரண்டு பேரிகார்டுகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். ஒவ்வொன்றிலும் மார்பு உயரத்துக்கு நகைக்கடை விளம்பரத் தகடு. ஏற்கெனவே அரளிச் செடி மறைத்துக்கொண்டிருந்தது, இப்போது தகடும் சேர்ந்து மறைக்கிறது. கேட்டால் பாதுகாப்புக்காம். யாருடைய பாதுகாப்புக்கு?

நாலுவழிச் சாலை ஓரத்தில் வீடு உள்ளவர்களுக்கு மேற்கொண்டு சொல்லவே வேண்டாம். தினமும் இப்படித்தானே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்கிறீர்கள்?

அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க ஸ்கூட்டரில் கிளம்பினோம். ஆஸ்பத்திரி இருப்பது சாலைக்கு அந்தப் பக்கம். முதல் பாதியைக் கடந்து மீடியன் இடைவெளியில் போய் நின்றேன். இடது பக்கம் பார்த்தால் அரளி. பச்சையாக, அடர்த்தியாக, என் தலைக்கு மேலே. முன்சக்கரத்தை ஒரு சாண் நீட்டினேன். தகடுதான் தெரிந்தது. இன்னொரு சாண். சர்ரென்று ஒரு கார் கண்ணாடியை உரசுகிற மாதிரி போனது. காலால் தள்ளிப் பின்னால் வந்தேன். சத்தம் அடங்கியதும் மறுபடி ஒரு சாண். ஆம்னி பஸ் ஹாரன். மறுபடி பின்னால். அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “வருதுடா, வருதுடா” என்றார். எது வருகிறது என்று அவருக்கும் தெரியவில்லை, காதில் விழுந்ததை வைத்துச் சொன்னார்.

அதற்குள் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்களுக்குப் பின்னால் அதே இடைவெளிக்குள் நுழைந்தது. மீடியனின் அகலம் நாலரை மீட்டர் இருந்தால் அதிகம். டிராக்டரும் டிரெய்லரும் அதில் எப்படி அடங்கும்? டிரெய்லரின் வால் நாங்கள் கடந்து வந்த பாதையில் நீட்டிக்கொண்டிருந்தது. அதுவும் மீடியனை ஒட்டிய, எல்லோரும் விரட்டிக்கொண்டு வருகிற ஃபாஸ்ட் லேனில். அங்கே லாரி பிரேக் அடிக்கிற சத்தம். முன்னால் போக வழியில்லை, பின்னாலும் போக முடியாது. டிராக்டர்க்காரர் மேல் என்ன தப்பு? அவர் வேறு எங்கே நிற்பார்?

கடைசியில் அம்மா வண்டியை விட்டு இறங்கினார். மஞ்சள் பையைத் தூக்கிப் பிடித்தபடி தகட்டைத் தாண்டிப் போய், சாலையில் கையை நீட்டி நின்றார். அறுபத்தெட்டு வயது, முட்டி வலி. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டிகளை ஒரு கிழவி கைகாட்டி நிறுத்தினால்தான் எங்கள் ஊர்க்காரன் சாலையைக் கடக்க முடியும். எனக்கு இன்னும் கை நடுங்குகிறது.

இது தலைவிதி இல்லை, கணக்கு. நூறு கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர். ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க 2.5 நொடி என்று நம் நாட்டுச் சாலை விதிமுறைகளே எடுத்துக்கொள்கின்றன. அதற்குள் வண்டி 70 மீட்டர் வந்துவிடும். அப்புறம் பிரேக் பிடித்து நிற்கிற தூரத்தையும் சேர்த்தால் 180 மீட்டர். இவ்வளவு தூரமாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், இதைத்தான் சைட் டிஸ்டன்ஸ் (பார்வைத் தூரம்) என்கிறார்கள். நான் நின்ற இடத்திலிருந்து 30 மீட்டர்கூடத் தெரியவில்லை. பின்னால் ஆள் உட்கார்ந்திருக்க, நின்ற இடத்திலிருந்து ஸ்கூட்டரைக் கிளப்பி இரண்டு லேனைத் தாண்ட ஐந்து நொடியாவது ஆகும். அந்த ஐந்து நொடியில் கார் 140 மீட்டர் வந்துவிடும். எனக்குத் தெரிவதோ ஒரு நொடி தூரம்!

அரளி எதற்கு என்று எனக்கும் தெரியும். எதிர்வண்டியின் விளக்கு கண்ணைக் கூசாமல் இருக்க. ஆடு மாடு கடிக்காது, வறட்சி தாங்கும். சரி, வளர்க்கட்டும். இடைவெளிக்கு முன்னால் போதுமான தூரத்துக்கு முழங்காலுக்கு மேல் வளராதபடி வெட்டிவிடக்கூடாதா? ஒரு ஆள், ஒரு கத்தரி, அரைநாள் வேலை.

சாலையின் அமைப்பே கோணல் என்பது வேறு கதை. திசைக்கு ஒரு லேன் என்று வைத்துக்கொண்டாலே, நான்கு சாலை கூடும் இடத்தில் வண்டிகளின் பாதைகள் ஒன்றோடொன்று மோதக்கூடிய புள்ளிகள் 32. மூன்று சாலை கூடினால் 9 தான். எங்கள் ஊர்ச் சாலையையும் எதிர்ப்பக்கச் சாலையையும் நேருக்கு நேர் விடாமல் கொஞ்சம் தள்ளி இணைத்திருந்தால் இரண்டு முச்சந்தி, மொத்தம் 18 புள்ளி. ரவுண்டானா என்றால் எட்டே எட்டு, வேகமும் தானாகக் குறையும். வேகத்தைக் குறைக்க மனமில்லை என்றால் சாலைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை கொடுத்திருக்க வேண்டும். எதுவும் செய்யவில்லை. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவனுக்காகச் சாலை போட்டார்கள், நடுவில் ஊர் இருக்கிறது என்பதையே மறந்துவிட்டார்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு, ஆள் அடிபட்டுச் செத்தால் “கவனக்குறைவாகச் சாலையைக் கடந்தார்” என்று ஒரே வரியில் முடிக்கிறார்கள். தெரியாத வண்டியை எப்படிக் கவனிப்பது? இடைவெளியே இல்லாத ஊரில் யூ டர்ன் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஊர்க்காரன் ராங் சைடில் வரத்தான் செய்வான். அவனைப் பிடித்து அபராதம் போடுகிறவர்கள், யூ டர்னை அவ்வளவு தூரத்தில் வைத்தவரிடம் ஒரு கேள்வியாவது கேட்டார்களா?

இதை எழுதும்போது வாசலில் நின்று பார்க்கிறேன். அரளிக்குத் தண்ணீர் ஊற்ற டேங்கர் லாரி வந்து அந்த ஃபாஸ்ட் லேனிலேயே நிற்கிறது. பின்னால் எச்சரிக்கை விளக்குகூட இல்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வருகிறது, டேங்கர் வருகிறது. எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வந்து இன்றோடு நான்கு நாள். அம்மா காலிக் குடத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.