53 நாள் கழித்து வந்த மெயில்

நான் போட்டுக் கொடுக்கும் வெப்சைட்டுகளுக்கு வாடகைக்கு இடம் கொடுக்கும் ஹோஸ்டிங் கம்பெனியிலிருந்து வந்த மெயிலின் படத்தை முந்தாநாள் போட்டதிலிருந்து ஆளாளுக்கு எனக்கு வகுப்பு எடுக்கிறீர்கள். "பாஸ்வேர்டை மாத்திட்டு வேலையைப் பாருங்க", "இதெல்லாம் சகஜம் தலைவா", "மலிவா வாங்கினா இப்படித்தான்." சரி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை, இங்கேயே மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும்.

மெயிலின் முதல் வரி, "உங்கள் பாதுகாப்பே எங்களுக்கு முதன்மை." விஷயம் நாலாவது பத்தியில்தான் வருகிறது. சில வாடிக்கையாளர்களின் சில தகவல்களை அனுமதியில்லாத நபர்கள் "பார்த்திருக்க வாய்ப்பிருக்கிறதாம்". திருடன் வந்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. பெண் பார்க்க வந்ததுபோல் யாரோ வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். அவர்களுக்கு விஷயம் தெரிந்த தேதியையும் அவர்களே கீழே போட்டிருக்கிறார்கள். ஐப்பசிக் கடைசி. எனக்கு மெயில் வந்தது மார்கழியில். நடுவில் 53 நாள்.

என் கோபம் அந்த 53 நாள் மேல்தான். ஹேக் ஆனதன் மேல் இல்லை. பூட்டு என்று ஒன்று இருந்தால் உடைக்க ஒருவன் வருவான், அது எனக்கும் தெரியும். பதினோரு வருடமாகக் கும்பகோணத்தில் உட்கார்ந்து இந்த வேலையைத்தான் பார்க்கிறேன். உடைந்தது தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? அவ்வளவுதான் கேள்வி.

அந்த 53 நாளில் என்ன நடந்தது என்று கேளுங்கள். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கும் ஒரு பெரியவருக்கு நான்தான் சைட் போட்டுக் கொடுத்தேன். அன்னம் வைத்த விளக்கு, கிளை விளக்கு எல்லாம் படத்தோடு, எடையோடு. கார்த்திகை பிறந்து நாலு நாள் இருக்கும், போன் பண்ணினார். "தம்பி, சிங்கப்பூர்லேர்ந்து மருமகன் பேசினாரு. நம்ம கடை பேரைத் தட்டினா சீட்டாட்டம் வருதாமே?" நான் திறந்து பார்த்தேன். விளக்குதான் வந்தது. "அவர் போன்ல ஏதோ வைரஸ் இருக்கும்ங்க" என்று பெரிய மேதாவி மாதிரி சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டது. முகவரியை நேராக அடித்துப் போனால் ஒழுங்காக வரும். போனில் கூகுளில் தேடி, அதிலிருந்து தட்டினால் மட்டும் சூதாட்ட சைட்டுக்குத் தள்ளிவிடும். கடைக்காரர் கூகுளில் தேடியா தன் கடைக்குப் போவார்? வாங்க வருகிறவன்தான் தேடுவான். துடைத்தேன். மூன்றாம் நாள் திரும்ப வந்தது. மறுபடி துடைத்தேன், மறுபடி வந்தது. வராமல் என்ன செய்யும், சைட்டின் தகவல் எல்லாம் இருக்கும் டேட்டாபேஸின் பாஸ்வேர்டு திருடன் கையில் இருக்கிறதே! எனக்கு அது தெரியாது. தெரிந்த கம்பெனிக்காரர்கள் விசாரணை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

விளக்குக் கடைக்குக் கார்த்திகை என்றால் என்ன என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"பெரிய கம்பெனியில் எடுத்திருக்கலாமே" என்கிறவர்களுக்கு. கோடாடி என்ற அமெரிக்க ஹோஸ்டிங் கம்பெனியைவிடப் பெரிய கம்பெனி வேண்டுமா? 2021 செப்டம்பர் 6-ஆம் தேதி உள்ளே புகுந்தவனை நவம்பர் 17-ஆம் தேதிதான் கண்டார்கள். வேர்ட்பிரஸ் என்ற சைட் கட்டும் மென்பொருளில் சைட் வைத்திருந்த 12 லட்சம் வாடிக்கையாளர்கள் வரை பாதிப்பு. அதற்கு முன்பே 2020 மார்ச்சில் 28,000 பேரின் ஹோஸ்டிங் லாகின் போயிருந்தது. 2022 டிசம்பரில் மறுபடி புகுந்து, வாடிக்கையாளர் சைட்டுகளை அவ்வப்போது வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். எங்கள் விளக்குக் கடைக் கதையேதான். இதெல்லாம் ஒரே கும்பலின் பல வருட வேலை என்று கோடாடி சொன்னது 2023 பிப்ரவரியில். ஆனால் ஒன்று, 2021-ல் கண்டுபிடித்த ஐந்தாம் நாள், நவம்பர் 22-ஆம் தேதி, வெளியே சொல்லிவிட்டார்கள். ஐந்து நாள். 53 இல்லை.

மலிவு பற்றியும் சொல்கிறேன். இலவச ஹோஸ்டிங் கொடுத்த 000வெப்ஹோஸ்ட்டில் 2015-ல் 1.3 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரம் போனது. பாஸ்வேர்டுகளை மறைக்காமல் அப்படியே எழுதி வைத்திருந்தார்கள், நிலைப்படி மேல் சாவி வைக்கிற மாதிரி. உடைந்தது மார்ச்சில், ஊருக்குத் தெரிந்தது அக்டோபரில், அதுவும் டிராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியப் பாதுகாப்பு ஆய்வாளர் கிளறியதால். அதே குழுமத்தின் ஹோஸ்டிங்கர் என்ற கம்பெனிக்கு 2019 ஆகஸ்டில் அடி விழுந்தபோது 1.4 கோடிப் பேரின் பாஸ்வேர்டை உடனே மாற்றவைத்து, இரண்டே நாளில் அறிவித்தார்கள். பட்டால் புத்தி வரும் போலிருக்கிறது. நம்ம ஆட்களுக்கு இன்னும் எத்தனை முறை படவேண்டுமோ.

"விசாரணை முடியாமல் சொல்ல முடியாது" என்று ஒரு நண்பர் பொறுமையாக எழுதியிருந்தார். நியாயம்தான், அரைகுறையாகச் சொன்னால் பீதி வரும். ஆனால் "பாஸ்வேர்டை மாற்றுங்கள், காரணம் பிறகு சொல்கிறோம்" என்று ஒரு வரி அனுப்ப என்ன விசாரணை வேண்டும்?

எனக்குப் பத்து வயது இருக்கும். ஐப்பசி அடைமழை, ராத்திரி ரெண்டு மணி, கதவை யாரோ இடிக்கிறார்கள். திறந்தால் பங்காளிப் பெரியப்பா. வரப்புத் தகராறில் அப்பாவோடு நாலு வருடமாகப் பேச்சு இல்லாதவர். தலையில் சாக்கு, கையில் டார்ச், முழங்கால்வரை சேறு. "என் வயல் வடியட்டும்னு கரையை வெட்டினேன்டா, பெரிசாப் போயிடுச்சு. எழுந்து வா." அப்பா அவரைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பேசிக்கொண்டே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். விடிவதற்குள் அடைத்ததில் பாதி நடவு தப்பியது. அதற்குப் பிறகும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் வெட்டினவரே வந்து கதவைத் தட்டினார். அவர் வக்கீலைக் கேட்டுவிட்டு வரவில்லை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆறு மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2022-லேயே உத்தரவு. யாருக்கு? செர்ட்-இன் என்ற மத்திய அரசு அமைப்புக்கு. எனக்கு இல்லை. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, பாதிக்கப்பட்டவருக்கும் சொல்லியாக வேண்டும் என்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, இந்தப் பகுதி அமலுக்கு வர 18 மாதம் அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள். பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. வாயைப் பிளக்காதீர்கள், அந்தப் பணம் அரசு கஜானாவுக்கு. விளக்குக் கடைக்கு ஒரு திரி வாங்கக்கூட வராது.

"உங்க சைட்ல என்ன ராணுவ ரகசியமா இருக்கு" என்று கேட்ட அந்தப் புத்திசாலிக்கு: ஆர்டர் கொடுத்த ஒவ்வொருவரின் பெயர், போன் நம்பர், வீட்டு முகவரி இருக்கிறது. எந்த வீட்டில் எத்தனை கிலோ பித்தளை இருக்கிறது என்பதும் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பட்டியலை இங்கே போடுங்கள் பார்ப்போம்.

இதுவரை சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இதற்குத்தான் இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

என்னிடம் ஒரு பையன் இருந்தான். பாலிடெக்னிக் முடித்த கையோடு வந்தவன், மூன்று வருடம். அந்தச் சைட் திரும்பத் திரும்பக் கெட்டபோது நான் அவனைத்தான் பிடித்தேன். "உன் லேப்டாப்ல கண்டதையும் இறக்கி வச்சிருப்ப, அது வழியாத்தான் பாஸ்வேர்டு போயிருக்கு" என்றேன். பெரியவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னேன். "இல்ல சார், நான் எதுவும் பண்ணல சார்" என்று இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை என் கடைச் சாவியை அவன் தம்பி கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனான். டீகூடக் குடிக்கவில்லை.

அவன் ஒன்றும் பண்ணவில்லை. மெயிலில் தேதியோடு இருக்கிறது. கம்பெனி அப்போதே வாயைத் திறந்திருந்தால் நான் அந்தப் பிள்ளையை அப்படிப் பேசியிருப்பேனா? சரி, பேசியது என் வாய்தான், அதையும் கம்பெனி தலையில் கட்ட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்களும் எதையாவது ஒத்துக்கொள்ளட்டுமே. அந்த மெயில் முழுக்கத் தேடிவிட்டேன், "மன்னிக்கவும்" என்ற சொல் இல்லை. "அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" இருக்கிறது. ரயில் தாமதத்துக்குச் சொல்கிற அதே வரி.

நாளைக்குக் காலையில் நாச்சியார்கோவில் போகிறேன். மெயிலைத் தமிழில் எழுதி, பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். அங்கிருந்து அப்படியே அந்தப் பையன் வீட்டுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். நேற்று போன் எடுக்கவில்லை.

அப்புறம், பாஸ்வேர்டை மாற்றச் சொன்ன மகான்களே, மாற்றிவிட்டேன். 31 சைட்டுக்கும். இந்த முறை தனி ஆளாக.